எண்பது அடிக்குக் கீழே

ஆழ்துளைப் போரிலிருந்து மோட்டார் தூக்குவது என் வேலை. செஞ்சியைச் சுற்றி எந்த ஊரில் மோட்டார் நின்றாலும் கூப்பிடுவார்கள். மூன்று கால் கம்பம், பளு தூக்குகிற செயின் பிளாக், இரண்டு ரெஞ்ச், கயிறு, கூட ஒரு ஆள். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் சோறு போடுகிறது. பள்ளிக்கூடம் போனது ஐந்து வருஷம். பூமியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பைப் வழியாகத் தெரிந்தது.

இந்தத் தொழிலில் யார் சொல்வதையும் நம்பக் கூடாது. அறுநூறு அடி போட்டிருப்பான், முந்நூறு என்பான். பக்கத்து நிலத்துக்காரன் காதில் விழுந்தால் அவன் எழுநூறு போடுவான், இவன் தண்ணீர் அங்கே போய்விடும். அந்தப் பயம். தொண்டூர் பக்கம் ஒருவர் தன் சொந்த அண்ணனிடமே ஆழத்தை மாற்றிச் சொல்லி வைத்திருந்தார். நான் கேட்டுக்கொள்வேன். ஏறி வருகிற பைப்பை மட்டும் எண்ணுவேன்.

தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். அனந்தபுரம் போகிற வழியில் ஒரு ருசி, மேல்மலையனூர் ரோட்டில் ஒரு ருசி. எங்கள் வீட்டுத் தண்ணீர் கொஞ்சம் துவர்க்கும். கெடுதல் இல்லை.

செஞ்சி பூமி பாறை. கோட்டை மலையாக மேலே நிற்கிற கல்தான் கீழேயும் போகிறது. மேல்மண் சரியாமல் இருக்க முப்பது, நாற்பது அடிக்குக் கேசிங் பைப் இறக்குவோம். பாறை வந்ததும் நிறுத்திவிடுவோம். அதற்குக் கீழே வெறும் துளை. பாறையில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் வரும். கேப் என்போம். இரண்டு கேப் கிடைத்தவன் மறுநாளே கோழி அடிப்பான். நூல்போல் கசிகிற கேப்பைக்கூட நாங்கள் அடைக்க மாட்டோம். அடைப்பது என்கிற எண்ணமே எங்களுக்கு வராது.

மகளை டெல்டா பக்கம் கொடுத்திருக்கிறேன். சிதம்பரத்தில் நர்ஸ் படித்தாள். கொள்ளிடம் தாண்டி ஒரு ஊர்க்காரரை அவளுக்குப் பிடித்தது. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். கொஞ்சம் நிலமும் உண்டு. போய்ப் பார்த்தேன். குணம் சரியாக இருந்தது. கட்டி வைத்தேன்.

ஏழாம் மாசம் வளையல் போட்டு அவளைத் தலைப்பிரசவத்துக்குச் செஞ்சிக்குக் கூட்டி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கீழே வைக்கவில்லை. குடத்துத் தண்ணீரை இரண்டு சொம்பு குடித்தாள். மூன்றாவது சொம்பை என் மனைவி பிடுங்கினாள். "வயித்துல புள்ளைக்கும் எடம் வுடும்மா" என்றாள். மகள் சிரிக்கவில்லை.

அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். விவசாயிகள் என்னிடம் சொல்கிற அதே பரவாயில்லை.

நாலு நாள் கழித்து அவளே பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். துண்டில் சுற்றி வைத்திருந்தாள். அவள் புகுந்த வீட்டுப் போர் தண்ணீர். மூடியைத் திருகினேன். சோடா பாட்டில்போல் புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. அழுகின முட்டை வாடை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். அவள் வீட்டு வாசலில் குழாய் ஓடுகிறது. என் மருமகன் லைட்டரைப் பற்ற வைத்துக் குழாய் வாயருகே கொண்டு போகிறார். தண்ணீருக்கு மேலே நீலமாக ஒரு நெருப்பு பிடித்து அணைகிறது. சுற்றி நிற்கிறவர்கள் சத்தம் போடுகிறார்கள்.

"எத்தினி நாளா?"

"எட்டு மாசமா. கேஸ் கம்பெனிக்காரன் மறுபடி வேலைய ஆரம்பிச்சதுல இருந்து."

அந்த ஊர்க் கதையை அப்போதுதான் முழுசாகச் சொன்னாள். ஊருக்குக் கிழக்கே வயல் நடுவில் வேலி போட்டு ஒரு கம்பெனி பூமிக்கு அடியிலிருந்து கேஸ் எடுக்கிறது. பல ஆயிரம் அடிக்குப் பைப் போகிறது என்றாள். கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. மறுபடி திறந்து லாரிகள் வந்தன. பிறகு சில வீட்டுக் குழாயில் குமிழி வந்தது. அதிகம் வந்தது இவர்கள் வீட்டில்தான்.

எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. பைப்பைத் தெரிந்தவனுக்கு இது தெரியும். ஆழத்துக்குப் போகிற எந்தப் பைப்பும் வழியில் நல்ல தண்ணீர் இருக்கிற மண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடத்தில் பைப்புக்கு வெளியே சுற்றி சிமெண்ட் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டாலோ, பிடித்தது வெடித்தாலோ, கீழே இருப்பது பைப்பை ஒட்டியே மேலே ஏறி வரும். பைப்பின் உள்ளே எவ்வளவு ஒழுங்காக வேலை நடந்தாலும் பிரயோஜனம் இல்லை. வெளியே என்ன இருக்கிறது என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். அவன் சொல்ல மாட்டான்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அந்த வாரம் பேசினேன். கம்பெனிக்காரன் பைப்புக்கு வெளியே சிமெண்ட் போடாமல் ஏமாற்றியிருக்கிறான் என்று சொன்னேன். பார்த்தவன்போல் சொன்னேன்.

வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நெருப்பை இல்லை. அந்தக் குழாய்க்குக் கீழே பைப்பைப் பிடித்திருக்கிற கிளாம்பை. அது நான் மாட்டியது.

அந்தப் போரை நான்தான் போட்டுக் கொடுத்தேன். கல்யாணச் சீராக எல்லோரும் பிரிட்ஜும் பீரோவும் கொடுப்பார்கள். நான் தண்ணீர் கொடுக்கிறேன் என்றேன். மருமகன் அறுப்பு வேலையாக வெளியூர் போயிருந்த சமயத்தில் போய் இறங்கினேன்.

அங்கே பாறை கிடையாது. மண், மணல், களி. எங்கள் லாரி மெஷினுக்கு அங்கே வேலை இல்லை. உள்ளூர் போர் மேஸ்திரி ஒருவர் மூங்கில் சாரம் கட்டி, கையால் சுற்றியே இறக்கினார். எண்பது அடியில் நல்ல மணல் வந்தது. அவர் மணலை வாயில் போட்டுத் துப்பிவிட்டு, போதும் அண்ணே, இங்கேயே பில்டர் வைத்துவிடலாம் என்றார். பில்டர் என்பது கீறல் போட்ட பிளாஸ்டிக் பைப். கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், மணல் வராது.

எண்பது அடி எனக்கு ஒரு ஆழமாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் எண்பது அடியில் பாம்புதான் இருக்கும். இறக்கு என்றேன். இறக்கினார். கறுப்புக் களி வந்தது. நிற்காமல் வந்தது. அதற்கும் கீழே நூற்று எழுபதில் மறுபடி மணல். தண்ணீர் பொங்கியது. மேஸ்திரி அந்த மணலையும் வாயில் வைத்தார். முகம் சுளித்தார்.

"இது சப்புத் தண்ணி, உப்பு கலந்தது. இத மூடிட்டு மேல போயிடலாம்."

"எங்க ஊர்ல ஒரு கேப்பையும் அடைக்க மாட்டோம். ரெண்டு எடத்துலயும் பில்டர் வையி."

"இது உங்க ஊரு இல்லண்ணே."

அதற்குமேல் அவர் பேசவில்லை. பெண் வீட்டுக்காரன், பொருளும் என்னுடையது. இரண்டு இடத்திலும் பில்டர் வைத்தார். தண்ணீர் குதித்துக்கொண்டு வந்தது. மேலே இருக்கிற நல்ல தண்ணீரின் அழுத்தம் போதுமாக இருந்ததால் முதல் வருஷம் ருசி நன்றாகவே இருந்தது. நான் பெருமையோடு ஊர் திரும்பினேன்.

இதெல்லாம் வீடியோ பார்த்த அன்றைக்கே ஞாபகம் வந்தது. வந்ததை அமுக்கி வைத்தேன். கோடையில் மேல் மணல் வற்றியிருக்கும். மோட்டார் கீழேயிருந்து இழுத்திருக்கும். உப்பு அப்படி வந்திருக்கலாம். கறுப்புக் களியில் என்னென்ன மக்கிக் கிடக்கிறதோ, அந்தக் காற்றும் என் பில்டர் வழியாக வந்திருக்கலாம். கம்பெனி வேலை ஆரம்பித்த சமயமும் அந்தக் கோடையும் ஒன்றாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். டீக்கடைக்குப் போவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினேன்.

பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகப் பிறந்தது. தொட்டில் போடுகிற நாளுக்கு மருமகன் அவர் அம்மாவோடு வந்தார். சாப்பாடு முடிந்து பேச்சு வந்தது. ஐந்தாம் மாசம் தாயையும் பிள்ளையையும் அழைத்துப்போக வேண்டும் என்றார்கள். அதுதான் முறை. என் மனைவி தண்ணீர் சரியாகாமல் அனுப்ப மாட்டேன் என்றாள். சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செத்தா போய்விட்டன என்றார். என் மனைவியும் விடவில்லை. "கொளுத்துனா எரியுற தண்ணிய நான் இங்கதான் கேள்விப்படறேன்" என்றாள்.

மகள் நடுவில் வந்து, நான் போகிறேன், ஊரோடு எனக்கும் ஆகட்டும், மனு கொடுத்திருக்கிறார்கள், கம்பெனிதான் என்று முடிவானால் வேறு தண்ணீருக்கு வழி பண்ணித்தானே ஆக வேண்டும் என்றாள். அவளுக்கு அந்த நம்பிக்கை இருந்தது. அதில்தான் எல்லாம் நின்றது.

மருமகன் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். அடுத்த மாசம் ஆபீசர்கள் வருகிறார்கள். ஊர் மனுவில் முதல் போர் அவர்கள் வீட்டுடையதுதான். உள்ளே கேமரா இறக்கிப் பார்ப்பார்கள். போட்டவர் என்கிற முறையில் இந்தப் போர் ஒழுங்காகப் போட்டது என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வேறொன்றும் இல்லை என்றார்.

கேமரா எனக்குத் தெரியும். எங்கள் பக்கமும் கேப் தேடுவதற்கு இறக்குவார்கள். பைப்பின் உள்பக்கம் கீறல் கீறலாகத் திரையில் தெரியும். எண்பதில் ஒன்று, நூற்று எழுபதில் ஒன்று.

கண்ணாடி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன், படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவர் பார்த்ததைப் பார்த்தேன்.

"மாமா, உங்கள யாராச்சும் வந்து பாத்தாங்களா?"

"யாரு?"

"கம்பெனி ஆளுங்க. ஊர்ல ஒவ்வொருத்தரா பாத்துப் பேசிட்டு வர்றாங்க. அதான் கேட்டேன்."

என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒருவர் வந்தார்.

பைப் கடை வாசலில் கயிறு பிரித்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். நாற்பது வயசு இருக்கும். கோட்டை பார்க்க வந்ததாகச் சொன்னார். ராஜகிரி ஏறி இறங்கி வருகிறாராம், குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்றார். கொடுத்தேன். சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. ஷூவில் தூசி இல்லை. அந்த மலை ஏறி இறங்கினவன் சட்டை முதுகில் ஒட்டியிருக்கும்.

மேலே பாலத்தில் பலகை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். எந்தப் பாலம் என்றார். ராஜகிரி உச்சிக்குப் போகிறவன் அந்தப் பள்ளத்தின் மேல் இருக்கிற பாலத்தைத் தாண்டாமல் போக முடியாது. கயிற்றைப் பிரித்தேன்.

அவர் உட்கார்ந்தார். போர் வேலை எப்படி, மழை எப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு மகளுக்குச் சீராகப் போர் போட்டுக் கொடுத்தவர் நீங்கள்தானாமே, நல்ல காரியம் என்றார். யார் சொன்னது என்றேன். சொன்னார்கள் என்றார். எத்தனை அடி என்றார். மறந்துவிட்டது என்றேன்.

"பில்டர் ரெண்டு எடத்துல வச்சிருக்கீங்களாமே. அது எதுக்குங்க?"

நல்லபடியாகத்தான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எதுவும் தருகிறேன் என்று சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. நான் கயிற்றைச் சுற்றி வைத்தேன். தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவர் கம்பெனி ஆளா, வேறு யாராவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு பில்டர் விஷயம் தெரிந்தது எனக்கும் மேஸ்திரிக்கும்தான். மேஸ்திரி விற்றுவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் பேச்சை நான் கேட்காத கோபம். மூன்று வருஷம் வைத்திருந்து இப்போது தீர்த்துக்கொண்டார். அப்படித்தான் நினைத்தேன். சாப்பிடும்போதும் அதேதான் ஓடியது.

பிறகு நிதானமாக யோசித்தேன். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கேமரா இறங்குகிற அன்றைக்கு ஊர் முன்னால் கேட்பார்கள். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் பொய் என்பார்கள். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்பார்கள். இரண்டிலும் என் பில்டரைக் காட்டி ஊர் மனுவையே தள்ளிவிடலாம். எல்லா வீட்டுக் குமிழியும் என் ஒரு பைப்பில் வந்து நிற்கும். உண்மையாகவே அவர்கள் பைப்பில் கோளாறு இருந்தாலும் அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தத் தண்ணீருக்கு என் பேத்தி போவாள்.

மகள் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். எண்பது அடி, நூற்று எழுபது அடி, மேஸ்திரி சொன்னது, நான் சொன்னது. சுருக்கமாகத்தான் சொன்னேன்.

"எப்பலேர்ந்து தெரியும் நைனா?"

"நீ வீடியோ காட்டுன அன்னிலேர்ந்து."

குழந்தையின் வாயைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் அதையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல சொல்லாத. நேர்ல போயி அவருகிட்ட சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

செயின் பிளாக்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். விழுப்புரம் போய், அங்கிருந்து சிதம்பரம் பஸ். மருமகன் வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து மனுவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தனியாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். தனியாகச் சொன்னால் அவர் தலையில் ஏற்றியதாக ஆகும். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. மருமகன் எழுந்து உள்ளே போய்விட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"செஞ்சிக்காரர் நம்ம மனுவ கோட்ட மேல ஏத்தி அங்கேருந்து உருட்டி வுட்டுட்டாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். சொன்னதில் தப்பில்லை.

மேஸ்திரியைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு ஆள் வந்து என்னைக் கேட்டதைச் சொன்னேன். உன்னைச் சந்தேகப்பட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பில்டர் பைப் எத்தனை வாங்கினோம் என்று சிதம்பரத்துக் கடைச் சீட்டிலேயே இருக்குமே, அதைப் பார்த்தாலே எவனும் கணக்குப் போடுவான் என்றார். அது எனக்குத் தோன்றவில்லை.

கீழ்ப் பில்டரை அடைக்க வேண்டும் என்றேன். பைப்புக்கு உள்ளே அடைத்தாலும் வெளிப்பக்கமாக ஏறி வருமே, என்ன செய்வது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. வெளியே ஜல்லி கொட்டித்தான் மூடியிருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

"களி வர்ற எடத்துல வெளிப்பக்கம் களிமண் உருண்ட போட்டு அடச்சிட்டேண்ணே. நீங்க அன்னிக்கு டீ குடிக்கப் போனீங்கல்ல, அப்ப."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் பேச்சையும் கேட்டு, தனக்குத் தெரிந்ததையும் செய்திருக்கிறார். மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

அவரும் நானும் மறுநாள் காலையில் மோட்டாரைத் தூக்கினோம். பைப்புக்குள் அடியிலிருந்து ஜல்லி கொட்டினோம். அதற்கு மேலே களிமண் உருண்டை. அதற்கு மேலே சின்ன பைப் விட்டுச் சிமெண்ட் பால் இறக்கினோம். நூறு அடிக்குக் கொண்டு வந்து நிறுத்தினோம். மேல் பில்டர் மட்டும் திறந்திருந்தது. வாழ்க்கையில் நான் தண்ணீரை அடைத்தது அதுதான் முதல் தடவை.

சிமெண்ட் இறுகின பிறகு மோட்டாரை மறுபடி இறக்கித் தினமும் ஓடவிட்டோம். ஐந்து நாள் அங்கேயே இருந்தேன். மருமகன் சாப்பாடு போட்டார், பேசவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீரை நாக்கில் வைத்தேன். மூன்றாம் நாள் உப்பு குறைந்தது. ஐந்தாம் நாள் கிட்டத்தட்ட இல்லை.

குமிழி போகவில்லை. முட்டை வாடையும் போகவில்லை. லைட்டரைக் காட்டினால் பற்றியது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவு என்று மேஸ்திரி சொன்னார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மேஸ்திரி வீட்டுக் கொல்லையில் பழைய கை பம்பு ஒன்று இருக்கிறது. எழுபத்தைந்து அடி. ஒரே பில்டர். அதற்கும் என் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. அதை அடித்துப் பார்த்தோம். அதிலும் குமிழி. அதிலும் அதே வாடை. கம்பெனி வருவதற்கு முன்னால் இருந்ததா என்று கேட்டேன். அவர் தாத்தா காலத்தில் குளத்துச் சேற்றில் குமிழி வரும் என்பார்களாம், பம்பில் வந்து தான் பார்த்ததில்லை என்றார். அவர் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை.

ஆபீசர்கள் வருகிற நாளுக்கு மறுபடி போனேன். கம்பெனித் தரப்பிலும் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக் காரில் வந்தவர் அதில் இல்லை. ஒருவர் கையில் பைல் இருந்தது. ஆபீசர், போர் போட்டது யார் என்று கேட்டதும் நான் முன்னால் போய் நின்றேன். அவர்கள் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக ஒன்று சொன்னேன்.

"உப்பு நான் பண்ணது. காத்து நான் பண்ணது இல்லிங்க. மேஸ்திரி வூட்டு பம்பையும் பாருங்க."

பைல் வைத்திருந்தவர் அதைத் திறக்கவில்லை. கேமரா இறக்கினார்கள். நூறு அடியில் சிமெண்ட் தெரிந்தது. மேல் பில்டர் கீறலிலிருந்து குமிழி நூல் கட்டினமாதிரி ஏறிப் போனது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். வெற்றிலைப் பெரியவரும் பார்த்தார். பிறகு கை பம்பிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள்.

கம்பெனிப் பைப்புக்கு வெளியே சிமெண்ட் எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அது வேறு டிபார்ட்மெண்ட் என்றார் ஆபீசர். என் பைப்புக்குள் கேமரா போய்விட்டது. அவர்கள் பைப் பக்கத்தில் அன்றைக்கு யாரும் போகவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். பச்சை பெயின்ட் அடித்த வால்வு ஒன்று வெயிலில் நின்றது. தரைக்கு மேலே எல்லாம் சுத்தமாக இருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது தரைக்குக் கீழே.

ஒரு மாசம் கழித்து ரிசல்ட் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். இரண்டு தண்ணீரிலும் கேஸ் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று இந்தச் சோதனையில் சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும். அதுவரை குடிக்க வேண்டாம். குழாய் இருக்கிற அறையில் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஊருக்கு லாரியில் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்கிறோம். அவ்வளவுதான்.

மனுவைத் தள்ளவில்லை. அதில் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல். நம் பைப்பின் கோளாறு என்று இனி யாரும் சொல்ல முடியாது, செஞ்சிக்காரர் முந்திக்கொண்டது நல்லதாகப் போயிற்று என்று அந்தப் பெரியவர் மருமகனிடம் சொன்னாராம். லாரி வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது, பிறகு ஒரு தடவை வந்தது என்று போனில் கேள்விப்பட்டோம்.

ஐந்தாம் மாசம் மருமகன் வந்தார். இந்தத் தடவை தனியாக வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாள் பார்த்திருப்பதைச் சொன்னார். புதன்கிழமை. என் மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லலாம். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

மகள்தான் பேசினாள். இன்னும் ஒரு மாசத்தில் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், கஞ்சி காய்ச்ச வேண்டும் என்றாள். லாரித் தண்ணீர் எந்த ஊரில் பிடித்தது என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. லாரி வராத வாரம் உங்கள் அம்மா எதில் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்தார்.

"எங்க நைனா போட்ட பைப்ப நம்பி மூணு வருஷம் குடிச்சேன். இனிமே யாரு பைப்பையும் நம்பி இவளுக்குக் குடுக்க முடியாது. எங்கேர்ந்து வருதுன்னு அவங்க எழுத்துல குடுக்கட்டும். அப்ப வரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் ஆளிடம் சொல்வதுபோல் சொன்னாள். அவர் கெஞ்சிப் பார்த்தார். அறுப்பு முடிந்ததும் சிதம்பரத்தில் வீடு பார்க்கிறேன் என்றும் சொன்னார். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிட நான் போனேன். அமாவாசை. மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்றன. ஸ்டாண்ட் முழுக்க ஜனம். விழுப்புரம் பஸ் வர நேரமாயிற்று. குழந்தைக்காக அவர் கொண்டுவந்த புதுத் துணிப் பை கையிலேயே இருந்தது. திரும்ப எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன். பஸ் வந்ததும் என்னிடம் கொடுத்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா அவ வந்திருப்பா மாமா."

"ஆமா மாப்ள."

அவருக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பஸ் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக வெளியே போயிற்று. திரும்பிப் பார்ப்பாரோ என்று நின்றேன். பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.